கேட்கத் தயங்கும் சரக்கு: பெண்களுக்கான சிறுநீர்க் கசிவுப் பேட்



அரிசி, பருப்பு, எண்ணெய் என்று விலை ஏற்ற இறக்கத்தைப் பற்றியே பேசிப் பழகிய நாம், இம்முறை கடையில் யாரும் வாய்விட்டுப் பேசாத ஒரு சரக்கைப் பற்றி எழுதுகிறோம். சிறுநீர்க் கசிவுக்காகப் பெண்கள் வைத்துக்கொள்ளும் பேட்தான் அது. "இது மெடிக்கல் கடைக்காரர் சமாசாரம், மளிகைக்கடைக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். இரண்டு வருடம் முன்பு வரை நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

முடிச்சூர் சாலையில் நமக்கு மொத்தக் கடை. பக்கத்திலேயே சில்லறையும் உண்டு. மாலை நேரத்தில் சில்லறைக் கல்லாவில் நம் வீட்டு அம்மாள் உட்காருவது வழக்கம். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா, பல வருட வாடிக்கை, மாதச் சாமானோடு பெரிய சைஸ் நாப்கின் மூன்று பாக்கெட் வாங்கிப் போவார். பேத்திக்கு இருக்கும் என்று நாமே முடிவு செய்துகொண்டோம். ஒரு நாள் அவர் நாப்கினோடு குழந்தைப் பவுடர் பெரிய டப்பா ஒன்றும், கிருமிநாசினித் திரவம் ஒரு பாட்டிலும் கேட்டார். "என்னக்கா, வீட்டுக்குக் கைக்குழந்தை வந்திருக்கா?" என்று நம் வீட்டு அம்மாள் சாதாரணமாகக் கேட்க, அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

இருமினால், தும்மினால், குனிந்து குடத்தைத் தூக்கினால் சிறுநீர் கசிகிறது. நாலு வருடமாக நாப்கின் வைத்துச் சமாளித்து வருகிறார். தொடை இடுக்கு முழுவதும் சிவந்து, தோல் உரிந்து, உட்காரவே முடியவில்லை. எரிச்சலுக்குக் கிருமிநாசினி ஊற்றிக் கழுவுகிறார், மேலே பவுடர் கொட்டுகிறார், மறுநாள் இன்னும் மோசமாகிறது. தம்பி மகன் கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போகவில்லை. பஸ்ஸில் பத்து மணி நேரம் எப்படி உட்காருவது என்ற பயம். தண்ணீர் குடிப்பதையும் பாதியாகக் குறைத்துவிட்டார்.

இதில் நம்மைக் குத்தியது என்னவென்றால், கசிவுக்கென்றே தயாரித்த பேட் அந்த நேரம் நம் கிடங்கிலேயே இருந்தது. மெடிக்கல் கடைகளுக்குப் போகும் பெட்டிகளோடு சேர்ந்து மேல்தட்டில் கிடந்தது. நாலு வருடம் தப்பான சரக்கை விற்று லாபமும் பார்த்திருக்கிறோம். அந்த அம்மா கேட்கவில்லை என்பது உண்மைதான். நமக்குத் தெரிந்திருந்தாலல்லவா சொல்லியிருக்க முடியும்? அதன் பிறகுதான் இந்தச் சரக்கைப் படித்துத் தெரிந்துகொள்ளத் தொடங்கினோம். தெரிந்ததைக் கீழே தருகிறோம்.

நாப்கினும் கசிவுப் பேடும் ஒன்றல்ல

வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அடியில் ஒட்டும் பசை, மேலே வெள்ளைத் துணி. வேறுபாடு உள்ளே இருக்கிறது. மாதவிலக்கு உதிரம் கெட்டியானது, கொஞ்சம் கொஞ்சமாக வருவது. சிறுநீர் தண்ணீர் போன்றது; இருமும்போது ஒரே வீச்சில் வந்துவிடும். உதிரத்துக்காகச் செய்த பேட் அந்த வேகத்துக்கு உறிஞ்சாது. பக்கவாட்டில் வழியும், மேல்பரப்பு ஈரமாகவே நிற்கும். அந்த ஈரம்தான் நாள் முழுக்கத் தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

பேடுக்குள் இருப்பது பருத்திப் பஞ்சு என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். கோயம்புத்தூர் அருணாச்சலம் முருகானந்தம் அவர்களும் முதலில் அப்படி நினைத்துப் பருத்தியில் நாப்கின் செய்து பார்த்துத் தோற்றவர்தான். பெரிய கம்பெனிகள் உள்ளே வைப்பது மரக்கூழ் என்று பின்னர் கண்டுபிடித்து, அதற்குக் குறைந்த விலையில் இயந்திரம் செய்தார். 2016-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. கசிவுப் பேடில் இந்த மரக்கூழோடு ஒரு ரசாயனக் குருணையும் தாராளமாகக் கலந்திருக்கும். பார்க்கச் சீனி மாதிரி இருக்கும். ஈரம் பட்டதும் ஜவ்வரிசிக் கஞ்சி போல உப்பிக் கூழாகி, அழுத்தினாலும் தண்ணீரைத் திரும்ப விடாது. அமெரிக்காவில் அரசு விவசாய ஆராய்ச்சிக்கூடத்தில் 1960-களில் சோள மாவை வைத்துச் செய்த ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்த சரக்கு இது. குழந்தை டயபரிலும் இதேதான். சில நாப்கின்களிலும் இது உண்டு, அளவுதான் குறைவு.

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து பார்ப்பது நல்லது. அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பைக் கரையுங்கள். ஒரு நாப்கினையும் ஒரு கசிவுப் பேடையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மேலே டிஷ்யூ தாளை வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். எந்தத் தாள் நனைந்து வருகிறது என்று பார்த்தால் போதும். உப்பு எதற்கு என்றால், இந்தக் குருணை பச்சைத் தண்ணீரைத் தன் எடையைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு குடிக்கும். உப்புத் தண்ணீரில் அதன் சக்தி பல மடங்கு குறைந்துவிடும். சிறுநீரில் உப்பு உண்டு. ஆகவே பச்சைத் தண்ணீரை ஊற்றிக் காட்டும் விற்பனைப் பிரதிநிதியிடம், "கொஞ்சம் உப்புப் போட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். நாம் கேட்டிருக்கிறோம். ஒருவர் உற்சாகமாகச் செய்து காட்டினார், இன்னொருவர் அடுத்த வாரம் வருகிறேன் என்று போனவர்தான்.

தோல் ஏன் புண்ணாகிறது

நம் தோலின் மேல்பரப்பு இயல்பாகவே லேசான புளிப்புத்தன்மை உடையது. கிருமிகளிடமிருந்து காப்பது அதுதான். சிறுநீர் தோலில் தங்கினால் அதிலுள்ள யூரியா அம்மோனியாவாக மாறி, இந்தப் புளிப்பைக் கெடுத்துவிடுகிறது. கூடவே ஈரம். வெகுநேரம் துணி துவைத்தால் விரல் நுனி வெளுத்துச் சுருங்குமே, அப்படித் தோல் ஊறிப்போகிறது. ஊறிய தோல்மேல் உள்ளாடை உராய்ந்தால் உரியத்தானே செய்யும்? வயதான பெண்களுக்குத் தோல் மெலிந்து, வறண்டிருப்பதால் பாதிப்பு சீக்கிரம் வருகிறது. நீரிழிவு இருந்தால் பூஞ்சைக் காளானும் சேர்ந்துகொள்ளும். நம் பக்கத்து வெயிலும் புழுக்கமும் சும்மா இருக்குமா? அடியில் காற்றுப் புகாத பிளாஸ்டிக் தாள் உள்ள பேடை அக்னி நட்சத்திரத்தில் அணிந்தால், சிறுநீர் கசியாவிட்டாலும் வியர்வையே போதும்.

தண்ணீரைக் குறைத்தால் கசிவு குறையும் என்று பெண்கள் நினைப்பது இன்னொரு கெடுதி. சிறுநீர் அடர்த்தியாகி எரிச்சல் கூடும், மலச்சிக்கல் வரும், மலச்சிக்கலால் முக்கினால் கசிவு இன்னும் அதிகமாகும். ஜவுளிக்கடைகளிலும், தாம்பரத்தில் 1984-ல் அமைந்த மெப்ஸ் வளாகத்துத் தொழிற்சாலைகளிலும் நின்றே வேலை செய்யும் பெண்களிடமும் இந்தத் தண்ணீர் குடிக்காத பழக்கம் உண்டு. கடை ஊழியர் உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழக அரசு 2021-ல் சட்டமே திருத்தியது. இருக்கை போட்டோம், சரி. கடையில் வேலை செய்யும் பெண்பிள்ளைகளுக்குப் பூட்டில்லாத, சுத்தமான கழிப்பிடம் எத்தனை கடையில் இருக்கிறது என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது

தோல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு முதல் விதி, வாசனை வேண்டாம். பல பேடுகளில் நாற்றம் தெரியாமலிருக்க நறுமணம் சேர்க்கிறார்கள். அரிப்பு வருவதற்கு அதுவே காரணமாகலாம். வாசனை சேர்க்கப்படாதது என்று உறையில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து மேல்பரப்பு. சல்லடை போன்ற பிளாஸ்டிக் வலை விரைவில் உலர்ந்தது போல் தெரியும். மெல்லிய தோலில் உராயும். துணி போன்ற மிருதுவான பரப்பு பெரும்பாலோர்க்கு ஒத்துக்கொள்கிறது. அடித்தாள் காற்றுப் புகும் வகையாக இருக்க வேண்டும். பசை உள்ளாடையில் மட்டும் ஒட்ட வேண்டும். இறக்கை வைத்த பேடில் பசை தொடையில் பட்டு எரிச்சல் தருவதுண்டு.

அளவு விஷயத்தில் நாம் செய்யும் தவறு, பெரியதே நல்லது என்று கொடுப்பது. சொட்டுச் சொட்டாகக் கசிபவருக்குத் தடித்த பேட் கொடுத்தால் புழுக்கம்தான் மிச்சம். உறையில் துளிப் படங்கள் அச்சிட்டிருப்பார்கள். துளி கூடக்கூட உறிஞ்சும் அளவு கூடும். ஒரு கம்பெனியின் மூன்று துளியும் இன்னொரு கம்பெனியின் மூன்று துளியும் ஒன்றல்ல என்பதை நினைவில் வையுங்கள். பேடுக்கு மேலே பேண்ட் போல மாட்டும் வகையும், அதற்கும் மேலே இருபுறமும் ஒட்டும் டயபரும் உண்டு. நடமாடுகிறவர், பஸ் ஏறிப் போகிறவர், சிறுநீர் அடக்கவே முடியாதவர் என்றால் பேண்ட் வகை. படுக்கையில் இருப்பவருக்கு ஒட்டும் டயபர். ஃப்ரெண்ட்ஸ், லைஃப்ரீ, டிக்னிட்டி என்று நமக்கு வரும் பெட்டிகளில் பெரும்பாலும் இவ்விரண்டு வகைதான். நடமாடும் பெண்ணிடம் டயபரை நீட்டினால் அவர் மனம் என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. இருமும்போது மட்டும் கசிகிறவருக்குப் பேடே போதும்.

பழைய வேட்டித் துணியைக் கிழித்து வைத்துக்கொள்ளும் பெண்கள் இன்றும் உண்டு. அதைக் கேலி செய்ய வேண்டாம். துளிக் கசிவுக்கு, நனைந்தவுடன் மாற்றி, நன்றாக அலசி வெயிலில் காயவைத்தால் மிருதுவான பருத்தித் துணி தோலுக்கு உறுத்தாது. ஆனால் துணி ஈரத்தைத் தோலோடே வைத்திருக்கும்; மழைக்காலத்தில் காயவும் காயாது. எதுவாக இருந்தாலும் நனைந்ததை மாற்றாமல் வைத்திருந்தால் விலை உயர்ந்த பேடும் புண்தான் தரும். விலையை நினைத்து ஒரே பேடோடு காலையிலிருந்து ராத்திரி வரை ஓட்டுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு விலை குறைந்த, சின்ன பேடைக் கொடுத்து அடிக்கடி மாற்றச் சொல்வது மேல்.

நம் கடையிலேயே கிடைக்கும் மற்றச் சாமான்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த அம்மா வாங்கிய கிருமிநாசினி வெறும் எரிச்சலைத்தான் கூட்டியது. வெறும் தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் மெல்லிய துணியால் ஒற்றி எடுப்பதே போதும். கார சோப்பு வேண்டாம். பவுடர் ஈரத்தில் கட்டிப்பிடித்து உராயும். வாசலின் அல்லது துத்தநாக ஆக்சைடு களிம்பை மெலிதாகத் தடவினால் தோலுக்குத் தடுப்பாக இருக்கும். கெட்டியாக அப்பினால் அது பேடில் ஒட்டி, உறிஞ்சுவதையே அடைத்துவிடும்.

இதற்கு மேல் நாம் வைத்தியம் பார்க்கக் கூடாது. சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், திடீரென்று தொடங்கிய கசிவு, ஆறாத புண், கெட்ட வாடையுள்ள வெள்ளைப்படுதல் இவற்றில் எதைச் சொன்னாலும் "முதலில் டாக்டரைப் பாருங்கம்மா" என்பதே பதில். கசிவே பெரும்பாலும் குணப்படுத்தக்கூடியது அல்லது குறைக்கக்கூடியது என்பது பலருக்குத் தெரியாது. பிரசவம், மாதவிலக்கு நிற்பது, உடல் எடை, நீரிழிவு, நாள்பட்ட இருமல் எல்லாம் காரணம். சானடோரியம் என்று நாம் சொல்லும் காச மருத்துவமனை 1928-ல் தொடங்கிய ஊர் இது. இருமலோடு வரும் பெண்களில் எத்தனை பேர் இந்தத் தொல்லையை வாய் திறக்காமல் சுமந்தார்களோ! இடுப்புக் குழித் தசைகளை இறுக்கி விடும் பயிற்சியை அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கீகல் 1948-லேயே எழுதி வைத்தார். இன்றும் டாக்டர்கள் முதலில் சொல்வது அதைத்தான்; சுமார் மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். கற்றுக்கொடுக்க வேண்டியவர் மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோதான். இப்படிச் சொன்னால் பேட் விற்பனை குறையாதா என்று ஒரு இளைய வியாபாரி கேட்டார். குறையட்டும். அந்த வீட்டு மாதச் சாமான் நம்மிடம்தானே வரும்.

விற்கும் முறை

முதல் உலகப் போரில் காயக்கட்டுக்காகச் செய்த மரக்கூழ்ப் பஞ்சை நர்ஸ்கள் மாதவிலக்குக்குப் பயன்படுத்தியதைப் பார்த்து, கிம்பர்லி கிளார்க் கம்பெனி 1920-ல் கோடெக்ஸ் நாப்கினைக் கொண்டுவந்தது. சரக்கு நகரவில்லை. ஆண் விற்பனையாளரிடம் பெண்கள் கேட்கக் கூசினார்கள். அப்புறம் கடை முகப்பில் பாக்கெட்டை அடுக்கி, பக்கத்தில் காசு போட ஒரு பெட்டி வைத்தார்கள். பேசாமல் எடுத்துக்கொண்டு காசைப் போட்டுவிட்டுப் போகலாம். அதன் பிறகே விற்பனை பிடித்தது.

நூறு வருடம் கழித்தும் நம் கடைகளில் கதை அதேதான். குரோம்பேட்டை, சேலையூர் பக்கம் உள்ளே நடந்து எடுக்கும் கடை வைத்திருப்பவர்கள், இந்தப் பேடை நாப்கினுக்குப் பக்கத்தில், கண் உயரத்தில், விலை தெரிய வைத்தால் போதும். கல்லாவுக்கு முன்னே நின்று கேட்கும் சின்னக் கடை என்றால், மாதச் சாமான் சீட்டுதான் வழி. துவரம்பருப்பு, புளி, மிளகாய்க்குக் கீழே ஒரு வரி எழுதிவிட்டால் யாரும் யாரையும் பார்த்துப் பேச வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் சீட்டு அனுப்புகிறவர்கள் இப்போது அதிகம். கடைப் பையன் அதைச் சத்தமாக வாசிக்கக் கூடாது, அவ்வளவுதான். பெண் யாராவது கல்லாவில் இருக்கும் நேரத்தைச் சொல்லி வைப்பதும் உதவும்.

கறுப்பு பாலிதீன் கவரில் சுற்றிக் கொடுக்கும் வழக்கம் இனி வேண்டாம். 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் பிளாஸ்டிக் கைப்பைக்குத் தடை என்பது ஒருபுறம். மறுபுறம், கறுப்புக் கவர் போட்டாலே உள்ளே என்ன என்று தெருவுக்கே தெரிந்துவிடுகிறதே! எல்லாச் சாமானும் போகிற பையில் இதுவும் போகட்டும்.

வெளியூர் பஸ் நிற்கும் இடங்களில் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் நிலையம் திறந்த பிறகு தென்மாவட்டப் பயணிகள் வண்டலூர், ஊரப்பாக்கம் பக்கமே ஏறுகிறார்கள். சின்ன பாக்கெட் அங்கே போகும். பெரிய பாக்கெட்டைப் பிரித்து ஒன்றிரண்டாகக் கையில் எடுத்துக் கொடுப்பது மட்டும் கூடாது. புண்ணான தோலில் படும் பொருள்.

இருப்பு, வரி, கழிவு

தொடக்கத்தில் பெட்டி பெட்டியாகப் போட வேண்டாம். இரண்டு அளவில் ஆறாறு பாக்கெட் போதும். சாமான் வைக்கும் இடம் முக்கியம். ஊதுபத்தி, கற்பூரம், ரச உருண்டை, சலவைத்தூள் பக்கத்தில் வைத்தால் வாசனையில்லாத பேட் வாசனைப் பேடாகிவிடும். தோல் ஒத்துக்கொள்ளாதவருக்கென்று தேடி வாங்கியது வீண். தரையோடு வைக்கவே கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் முழுகியபோது நம் கிடங்கில் கீழ்வரிசைப் பெட்டிகள் தலையணை போல உப்பி, அட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டன. குருணை வேலை செய்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம், பணம்தான் போயிற்று.

வரியில் கவனம் தேவை. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது நாப்கினுக்கு 12 சதவீதம் இருந்தது. 2018 ஜூலை 27 முதல் அதற்கு வரி இல்லை. டயபருக்கு 12 சதவீதம் தொடர்ந்து, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்தது. இரண்டும் 9619 என்ற ஒரே தலைப்பு எண்ணில் வருவதால் பில் போடும் பையன்கள் குழம்புகிறார்கள். கொள்முதல் பில்லில் எந்த வரியில் வந்திருக்கிறது என்று பாக்கெட் பாக்கெட்டாகப் பார்த்துக் கணினியில் ஏற்றுங்கள். சந்தேகம் வந்தால் கணக்காளரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். வரி குறையுமுன் வாங்கிய பழைய இருப்பில் பழைய எம்.ஆர்.பி. இருந்தால், குறைந்த வரியின் பலன் வாங்குபவருக்குப் போக வேண்டும்.

பயன்படுத்தியதைக் கழிப்பறையில் போட்டால் குருணை உப்பிக் குழாயை அடைக்கும். காகிதத்தில் சுற்றித் தனியாகக் கொடுக்க வேண்டும். இதற்கு உறை தரவேண்டும் என்று தயாரிப்பாளர்களுக்கு 2016-ம் ஆண்டு திடக்கழிவு விதியிலேயே சொல்லியிருக்கிறது. உறை வைத்து வரும் கம்பெனிச் சரக்கு வந்தால் அதை முதலில் எடுங்கள். குப்பை பிரிக்கிற மாநகராட்சிப் பணியாளரும் மாலையில் நம் கடைக்குத்தான் சாமான் வாங்க வருகிறார்.

திருப்பி எடுப்பது பற்றிப் பலர் கேட்கிறார்கள். பிரித்த பாக்கெட்டைத் திருப்பி எடுத்து இன்னொருவருக்கு விற்கக் கூடாது. அதற்காக "ஒத்துக்கொள்ளவில்லை" என்று வரும் அம்மாவை வெறும் கையோடு அனுப்பவும் மனம் வராது. நாம் ஒவ்வொரு வகையிலும் ஒரு பாக்கெட்டைப் பிரித்து, மூடிய டப்பாவில் மாதிரிக்கு வைத்திருக்கிறோம். தொட்டுப் பார்க்கலாம், முகர்ந்து பார்க்கலாம். நம் வீட்டு அம்மாள் இருக்கும் நேரத்தில்தான் அந்த டப்பா வெளியே வரும். நாம் கல்லாவில் இருந்தால், "அக்கா ஆறு மணிக்கு வருவாங்கம்மா" என்று சொல்லி விடுவோம்.